ஏழாவது கேள்விக்குப் பதில் இல்லை

அந்தக் காலத்தில் பாஸ்போர்ட், விசா என்ற தொல்லையெல்லாம் கிடையாது, நினைத்தவன் நினைத்த கப்பலில் ஏறிப் போனான் என்று யாராவது என் முன்னால் பேசினால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிகிறது. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் இதையே சொன்னார். பாயசம் பரிமாறுகிற நேரம். சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்தக் காலம் என்று அவர் சொல்லவில்லை. 1914-ல் வந்த பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். யுத்தம் வந்தபோது பாஸ்போர்ட்டும் கூடவே வந்தது. யுத்தம் முடிந்து போயிற்று, பாஸ்போர்ட் போகவில்லை. அது வந்த நாள் தொடங்கி நான் பென்ஷன் வாங்கிய நாள் வரை சிங்கப்பூர் ஆற்றோரத்தில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில், ஒரு மரக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தத் தொல்லையை ஊராருக்கு விநியோகம் செய்தவனே நான்தான். என்னிடம் வந்து தொல்லை இல்லை என்கிறார்!

என் உத்தியோகத்தின் ஆரம்பத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்து, மாமா ஒருவரின் கடிதத்தோடு பதினெட்டு வயதில் இங்கே வந்து கிராணி வேலையில் சேர்ந்தேன். இந்த ஊரில் குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர். முதல் ஐந்து வருடம் கடிதங்களுக்கு எண் போட்டேன். அடுத்த ஐந்து வருடம் எண் போட்ட கடிதங்களைத் தேடினேன். தமிழும் மலாயும் இங்கிலீஷும் தடையில்லாமல் வரும் என்பதால், பாஸ்போர்ட் பகுதி திறந்தபோது என்னைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தார்கள். விண்ணப்பம் வாங்குவதும் நான், துரைக்கு மொழிபெயர்ப்பதும் நான். இரண்டு வேலை, ஒரு சம்பளம்.

ஜனங்கள் என் உயிரை வாங்கினார்கள். புகைப்படம் ஒட்ட வேண்டும் என்ற விதி வந்த புதிதில் கேலாங்கில் பால் வியாபாரம் செய்த ஒருவர் தன் தம்பியின் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இது உங்கள் முகம் இல்லையே என்றேன்.

“என்னவிட அவன் லட்சணமா இருப்பான் ஐயா. துரை பாக்குற படம், கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னுதான்” என்றார்.

அவரைத் திருப்பி அனுப்பி, சொந்த முகத்தோடு வரச் சொல்ல எனக்கு அரை நாள் ஆயிற்று. இன்னொருவர் கைரேகை வைக்க வேண்டிய இடத்தில் குலதெய்வத்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். இவற்றையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசை வாசற்படிவரை நிற்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்?

என் மேலதிகாரி மில்வர்ட் துரை. அவரைக் கொடியவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வாசல் காவல்காரனுக்குக்கூட காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்ததும் ஒரு நீலப் பென்சிலை எடுத்து, ஒரு பீங்கான் தட்டின் மேல் பிடித்து, சீவல் ஒன்றுகூட மேசையில் விழாமல் சீவுவார். பிறகு கோப்பின் கட்டை அவிழ்த்து விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வாசிப்பார். பொய் சொல்கிறவன் முதல் பக்கத்தில்தான் கவனமாக இருப்பான் என்பது அவர் கணக்கு. ஏதாவது ஓர் இடத்தில் சிறிய நீலச் சிலுவை போடுவார். போட்டுவிட்டு, “இன்னும் ஒன்று” என்பார். அந்த “இன்னும் ஒன்று” கிடைத்து, ஒரு வாரம் கழித்து விண்ணப்பம் திரும்ப அவர் மேசைக்குப் போனால் வேறோர் இடத்தில் சிலுவை. மறுபடியும் “இன்னும் ஒன்று”.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டுவிட்டால் என்ன ஐயா என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “ஐந்து தாள் வேண்டும் என்று சொன்னால் ஐந்தையும் ஒரே நாளில் யாரோ ஒருவன் எழுதிக் கொடுத்துவிடுவான். ஒவ்வொன்றாகக் கேட்டால் பொய் களைத்துப் போகும்” என்றார்.

பொய்தான் களைத்ததா, மெய்யும் சேர்ந்து களைத்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. கவுண்டரில் நானும் ஒவ்வொன்றாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில். கேளாததைச் சொன்னால் வேலை கூடும் அல்லவா?

இந்த நிலையில்தான் காத்தமுத்து வந்தார். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காத்தமுத்து தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலையில் இருந்தவர். சிங்கப்பூரில் பிறந்தவர். ஆகவே சந்தேகமில்லாத பிரிட்டிஷ் பிரஜை. இடையில் நாலு வருடம் சயாமில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு சயாம் பெண்ணையும் அழைத்து வந்து சிராங்கூன் ரோட்டில் ஒரு கோயிலில் தாலி கட்டினார். அவள் பிறந்த பெயர் பூன்மா. அண்டை அயலார் பொன்னம்மா ஆக்கிவிட்டார்கள். இருவருக்கும் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, செல்லம்.

மூவரும் சேர்ந்தே கவுண்டருக்கு வந்தார்கள். பொன்னம்மா புடவை கட்டி, குங்குமம் வைத்து, காலில் மெட்டி போட்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால்தான் வேறு நாட்டுக்காரி என்று தெரியும்.

“நாகப்பட்டினம் பக்கத்துல எங்க ஊரு ஐயா. பிள்ளைக்குக் குலதெய்வம் கோயில்ல முடி எறக்கணும். எங்கம்மா இன்னும் பேத்தியப் பாக்கல. மூணு பேரும் போறதுக்கு என்ன பேப்பர் வேணும்?” என்று காத்தமுத்து கேட்டார்.

இங்கே சங்கதி என்னவென்றால், நாகப்பட்டினத்துக் கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் போகும் நம்மவர்களிடம் அப்போது யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. காத்தமுத்துவும் குழந்தையும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம். பொன்னம்மா ஏற முடியாது. அந்நிய நாட்டில் பிறந்தவள் இந்தியாவில் இறங்க வேண்டுமானால் தாள் வேண்டும். சிங்கப்பூரில் ஐந்து வருடமாகக் குடித்தனம் செய்கிறவள், இங்கேயே நிலையாக இருக்கிறவள் என்பதெல்லாம் சிங்கப்பூரில் இருக்கும்வரைதான் செல்லும். கரையை விட்டுக் காலெடுத்தால் போகவும் அனுமதி வேண்டும், திரும்பி வரவும் அனுமதி வேண்டும்.

அன்றைக்கு வரிசை நீளம். எனக்குத் தலைவலி வேறு. “உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் தேவையில்லை. இவவுக்குத்தான் பேப்பர் வேணும். ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும்” என்றேன்.

“எனக்கு லீவே மூணு மாசந்தான் ஐயா. இப்ப விட்டா அடுத்த வருஷம்.”

“அப்பிடியெண்டா நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாங்கோ. இவ இஞ்ச இருக்கட்டும்.”

“அவ இல்லாம எப்படி ஐயா போறது? சூசாலா” என்று தலையைச் சொறிந்தார். சூசா என்றால் மலாயில் கஷ்டம்.

பொன்னம்மா புருஷனின் முழங்கையைத் தொட்டு, “நானும் வர்றேன்னு சொல்லுங்க” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தேன். போய்விட்டார்கள். அந்த வாரக் கப்பலிலேயே தகப்பனும் பிள்ளையும் புறப்பட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஆறு வாரம் கழித்துப் பொன்னம்மா தனியாக வந்தாள். கையில் ஊர்க் கடிதம். எழுதியவள் காத்தமுத்துவின் அக்கா. காத்தமுத்துவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, குழந்தை அம்மாவைக் கேட்டு அழுகிறது, உடனே புறப்பட்டு வரவும் என்று இருந்தது. உடனே புறப்பட்டு வரவும்! ஊரிலிருந்து எழுதுகிறவர்களுக்கு அந்த ‘உடனே’ எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.

“கிராணி ஐயா, நான் போகணும்” என்றாள்.

முதலில் அவள் பிறந்த நாட்டின் கான்சலிடம் போகச் சொன்னேன். விதி அது. போனாள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து அங்கே சொன்னதைச் சொன்னாள். “கல்யாணம் ஆயிட்டா நீ புருஷன் நாட்டுக்காரி, இங்க ஒனக்குப் பேப்பர் இல்ல, அவங்க கிட்டப் போன்னு சொல்றாங்க ஐயா.” அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. எல்லா தேசத்துச் சட்டமும் அன்றைக்கு ஏறக்குறைய அதுதான். கழுத்தில் தாலி ஏறினதும் பெண்ணின் நாடு மாறிவிடும்.

விண்ணப்பத்தை எழுதி உள்ளே அனுப்பினேன். மில்வர்ட் துரை கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்துவிட்டுச் சிலுவை போட்டார். கல்யாணத்துக்கு அத்தாட்சி எங்கே? கழுத்தில் தாலி இருக்கிறது ஐயா என்றேன். இருக்கலாம், ஆனால் அதைக் கோப்பில் வைத்துக் கட்ட முடியாது என்றார். நம் கல்யாணங்களுக்குச் சர்டிபிகேட் ஏது? மேளம் அடித்தால் கல்யாணம், சாப்பிட்டவர்கள் சாட்சி. கோயில் மானேஜரிடம் நானே சொல்லியனுப்பி ஒரு கடிதம் வாங்கச் செய்தேன். அதற்கு ஒரு வாரம்.

இன்னும் ஒன்று. கோயில் கடிதத்தில் பொன்னம்மா என்று இருக்கிறது, அவள் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த தாளில் பூன்மா என்று இருக்கிறது. இவர்கள் இரண்டு பெண்களா, ஒருத்தியா? அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அதில் ஒருவர் மாட்டுத் தொழுவத்தில் வேலை. லீவு கிடைக்க நாலு நாள். அதற்கு ஒரு வாரம் போயிற்று.

அந்த வாரத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, கஞ்சிகூடத் தங்கவில்லை என்று. பொன்னம்மா அதை என் கவுண்டரில் விரித்து வைத்து, தமிழ் வாசிக்கத் தெரியாததால் என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கடைசி இரண்டு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அவள் காலையில் ஆபீஸ் திறக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்தால் மூடும்போதுதான் எழுந்திருப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அந்தக் கேளாமை எனக்குத் தாங்க முடியாத எரிச்சலை உண்டாக்கியது. வாயைத் திறந்து சண்டை போட்டாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மூன்றாவது தடவை துரை சொன்னார்: தாள் எல்லாம் சரி, பெண்ணை நேரில் பார்த்துவிட்டால் முடிந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. நேர் விசாரணைக்குப் பத்துக் கேள்வி கொண்ட அச்சடித்த தாள் ஒன்று உண்டு. பெயர், பிறந்த ஊர், எத்தனை வருடமாக இங்கே, எந்தத் தெரு என்று போகும். ஒருவரும் தடுமாறுகிற கேள்வி அதில் இல்லை. அடுத்த நாள் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருந்தது. அதிலேயே ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் ஆறு கேள்விக்கும் பொன்னம்மா நின்றபடி பதில் சொன்னாள். நான் இங்கிலீஷில் சொல்ல, துரை நீலப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டார். ஏழாவது கேள்வி: கணவர் பெயர் என்ன?

பொன்னம்மா தலையைக் குனிந்தாள்.

“பிள்ளை, துரை கேக்கிறார். புருஷன்ர பேர் என்ன?” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க சொல்லுங்க ஐயா” என்றாள்.

“நான் சொல்லேலாது. நீதான் சொல்லோணும்.”

“அவர் ஒடம்பு சரியில்லாமப் படுத்திருக்கார். இந்த நேரத்துல பேரச் சொன்னா ஆயுசு கொறையும் ஐயா. நீங்க சொல்லுங்க.”

சிராங்கூன் ரோட்டுப் பெண்கள் அவளுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தார்கள், கோலம் சொல்லிக் கொடுத்தார்கள், கூடவே இதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சும்மா சொல்லிக் கொடுத்தவர்களுக்கு வேண்டுமானால் அது பாதிப் பழக்கம், பாதி வேடிக்கை. இவள் முழுதாக நம்பினாள்.

“என்ன சொல்கிறாள்?” என்றார் துரை.

நான் மொழிபெயர்ப்பாளன். சொன்னதைச் சொன்னபடி சொல்வேன், கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து உத்தியோகம் ஏற்றவன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. அவள் கடைசியாகச் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். “என்னைச் சொல்லச் சொல்கிறாள், ஐயா.”

“அப்படியானால் அவளுக்குத் தெரியாது.”

“தெரியும் ஐயா. எங்கள் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அது வழக்கம்.”

“இந்தியப் பெண்களின் வழக்கம் அது, நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் சயாமில் பிறந்தவள். இவளுக்கு ஏன் அந்த வழக்கம்?”

“தமிழனின் மனைவி, அதனால்தான்.”

“அதைத்தானே நாம் நிச்சயம் செய்ய வேண்டும்?” என்றார் துரை, மிகவும் மரியாதையாக.

சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்கே வந்து நின்றது விவகாரம். அவள் மனைவி என்று நிரூபித்தால்தான் பெயர் சொல்லாததற்குக் காரணம் புரியும். பெயரைச் சொன்னால்தான் மனைவி என்று நிரூபணம் ஆகும். எனக்கு ரத்தம் கொதித்தது. துரை மேல் காட்ட முடியாததை அவள் மேல் காட்டினேன்.

“ஒருக்காச் சொல்லிப்போட்டு விடு பிள்ளை! ஒரு சொல்லுத்தானே! நாளைக்குக் கப்பல். பேர் சொல்லி ஆரும் செத்ததாக் கேள்விப்பட்டிருக்கிறியோ?”

செத்த என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது. துரை ஏழாவது கேள்விக்கு எதிரே சிலுவை போட்டார். இரண்டு வாரம் கழித்து மறுவிசாரணை என்று எழுதிக் கோப்பைக் கட்டினார். மறுநாள் கப்பல் அவள் இல்லாமல் போனது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். பிடிவாதக்காரி, புருஷன் சாகக் கிடக்கிறான், இவளுக்குச் சாஸ்திரம் கேட்கிறதோ என்றேன். என் மனைவி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அவ்வளவு வருடத்தில் என்னை ‘இஞ்சாருங்கோ’ என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிடாதவள்.

“நீரெண்டா என்ன செய்திருப்பீர்?” என்று கேட்டேன்.

“நானும் உங்களைத்தான் பார்த்திருப்பன்” என்றாள். “பக்கத்தில நிக்கிற ஆள்தானே சொல்லிவிடுறது? தபால்காரன் கேட்டால் அடுத்த வீட்டு மாமி சொல்லுறா. ஆஸ்பத்திரியில கேட்டால் தம்பி சொல்லுறான். துரைக்குத் தமிழ் தெரியுமோ? நீங்கள் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன விளங்கப் போகுது?”

என் தாய், என் அக்கா, என் மனைவி, எல்லோரும் அப்படித்தான். கணவன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பார்கள், அவர் சொல்லுவார், இவர்கள் தலையாட்டுவார்கள். பதில் அப்படித்தான் வரும். பொன்னம்மா பதில் சொல்ல மறுக்கவே இல்லை. முறைப்படி என் வாயால் சொல்ல வந்தாள். நான்தான் அவள் வார்த்தையை மொழிபெயர்த்துவிட்டு, அவள் பதிலை விழுங்கிவிட்டேன்.

மறுநாளே துரையிடம் போய், ஐயா, தப்பு என்னுடையது, அவள் பதில் சொல்லிவிட்டாள், நான் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் தவறு என்று என் பதிவில் ஏறிவிட்டால் வரப்போகிற பதவி உயர்வு என்னாகும் என்று நினைத்தேன். இரண்டு வாரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன். இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது. அந்த அற்ப நினைப்பை நான் நினைத்தேன், அதை மறைத்து என்ன பயன்?

அந்த இரண்டு வாரமும் பொன்னம்மா ஒவ்வொரு நாளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

தவணைக்கு ஒருநாள் முன்னால் அவள் பெஞ்சுக்குப் போகவில்லை. வரிசையைத் தாண்டி நேராகக் கவுண்டருக்கு வந்து நின்றாள். நான் யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

“காத்தமுத்து” என்றாள்.

நான் தலை நிமிராமலே, “அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துதே! இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் இந்நேரம் ஊரில நிண்டிருப்பாய்” என்றேன்.

“காத்தமுத்து. அவர் பேரு காத்தமுத்து” என்றாள் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் குங்குமம் இல்லை. கையில் தந்தி.

எழுந்து அவளைத் துரையின் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் கோப்பை அவிழ்த்து, விசாரணைத் தாளை எடுத்து, ஏழாவது கேள்வியை வாசித்தார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவள் பதில் சொன்னாள். துரைக்கும் விளங்கியது. சிலுவையின் மேலேயே டிக் போட்டார்.

“நல்லது” என்றார். “இதை ஏன் இரண்டு வாரத்துக்கு முன் சொல்ல முடியவில்லை?”

“அப்போது அவர் உயிரோடு இருந்தார், ஐயா” என்றேன்.

துரை பென்சிலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார். மீதி மூன்று கேள்விகளை அவர் கேட்கவில்லை. தன் கையாலேயே தாளை எழுதினார். இன்னாரின் விதவை, பிரிட்டிஷ் பிரஜை, தன் குழந்தையை அழைத்து வர இந்தியா போகிறாள், சிங்கப்பூருக்குத் திரும்பி வர அனுமதி உண்டு. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, எழுந்து நின்று அவள் கையில் கொடுத்தார். எழுந்து நின்று அவர் யாருக்கும் தாள் கொடுத்து நான் பார்த்ததில்லை. முழு வேலையும் கால் மணி நேரத்தில் முடிந்தது. கால் மணி நேர வேலை அது.

அவள் போனாள். காத்தமுத்துவின் அக்கா குழந்தையை விடமாட்டேன் என்று சண்டை பிடித்ததாகவும், அவர் தாய்க் கிழவிதான் குறுக்கே வந்து, பெற்றவளோடு போகட்டும் என்று சொல்லி அனுப்பியதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காலையில் மொட்டைத் தலையில் முடி வளர்ந்த குழந்தையோடு என் கவுண்டருக்கு வந்தாள். பயணம் முடிந்ததும் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மடிப்புக் கலையாமல் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். வாங்கி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “பிள்ளை, அண்டைக்கு நான்...” என்று இழுத்தேன்.

“பரவால்ல ஐயா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. “அன்னிக்கு ஒங்களத்தான் பாத்தேன். நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க தமிழ்க்காரர்தானேன்னு நெனச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.